இரண்டாம் பாகம் வரும்வரை அடக்கம் இல்லை

சத்தியநேசன் பயந்த ஆள். இதை அவன் முகத்துக்கு நேரே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டான், கோபிக்கவும் பயம். பல்லிக்குப் பயம், பேங்க் மேனேஜருக்குப் பயம், பெஞ்சாதி ஜாஸ்மி அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் அதற்கும் பயம். இப்படிப்பட்டவன் ஊரிலேயே பேய் விளையாட்டுக்குப் பேர்போன கடையை நடத்தினான் என்றால் அதைத் தலையெழுத்து என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே, தென்னையும், முந்திரி என்கிற கொல்லாமரமுமாக நிற்கும் பரப்புவிளை என்ற ஊரில், மிஷன் சபைக்குச் சொந்தமான கடைவரிசையில் கடைசிக் கடை அவனுடையது. சுனாமிக்கு மறுவருஷம் பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினான். அப்புறம் ஆளாளுக்குக் கையில் போன் வந்தது, பிரவுசிங்குக்கு ஆள் வருவது நின்றது. காலேஜ் பயல்கள் கேட்டார்கள் என்று கம்ப்யூட்டரில் கேம் ஏற்றினான். அதில் ஒன்றுதான் ‘மிட்நைட் பாரிஷ்’. ஒரு பழைய சர்ச், அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். செத்தவர்கள் எழும்பி வருவார்கள். விளையாடுகிறவன் கையில் ஒரு டார்ச்சும் நாலைந்து தோட்டாவும். ஓடி ஒளிந்து, விடியும்வரை உயிரோடு இருந்தால் ஜெயம். பயல்கள் வகுப்புக்கு மட்டம் போட்டு வந்து பயந்துவிட்டுப் போனார்கள். சத்தியநேசன் மட்டும் அத்தனை திரைக்கும் முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பான்.

அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று கம்பெனி விட்ட போஸ்டரை பிரிண்ட் எடுத்துக் கடையின் வெளிச்சுவரில் ஒட்டினான். ‘அவர்கள் மீண்டும் வருகிறார்கள். எதிர்பாருங்கள்.’ அந்தச் சுவர் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதையைப் பார்த்து நின்றது. பாவி அதை யோசிக்கவில்லை.

சபைப் பொருளர் ரத்தினம், நாகர்கோவிலில் டயர் கடை வைத்திருப்பவர், ஒருநாள் பட்டா நகல் எடுக்க உள்ளே வந்தார். முதல் கம்ப்யூட்டரில் அந்த நேரம் பார்த்து ஒரு பிணம் பளிங்குப் பலகையைத் தள்ளிவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் ஆண்களைக் கோட்டும் டையும் மாட்டித்தான் பெட்டியில் வைப்பது. உயிரோடு இருக்கும்போது கல்யாணத்தன்று ஒரு தடவை போட்டதாக இருக்கும். ரத்தினம் அதைப் பார்த்தார். “அது எனக்க மாமனாருக்க கோட்டு” என்றார். அப்படியே நாற்காலியில் சரிந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் கூடியிருக்கிறது, உப்பைக் குறைக்கணும் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அந்த வாரமே சத்தியநேசனுக்குச் சபைக் கமிட்டியில் ஆஜராகும்படி ஆள் வந்தது. கேட்டதும் பின்பக்கம் போய்விட்டு வந்துதான் பதில் சொன்னான்.

பயந்த சுபாவம் என்று சிரித்துவிடக் கூடாது. மற்ற பயமெல்லாம் சும்மா. உள்ளபடியே அவனைத் தின்றுகொண்டிருந்த பயம் வேறு. அவன் அம்மை நேசபாய் கிறிஸ்துமஸிலிருந்து படுத்த படுக்கை. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நேசபாய்க்குச் சாவதைப் பற்றி ஆவலாதி, புகார் ஒன்றும் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், மதிலோரம், கொல்லாமரத்து நிழலில் புருஷன் கிடக்கிறார். பக்கத்தில் ஒரு ஆள் கிடக்கிற இடம் காலியாக இருக்கிறது. “எனக்கு அங்க கெடந்தா போரும் மக்கா. உனக்க அப்பனும் உன்ன மாதிரிதான், பயந்த மனுஷன். இத்தன வருஷமா ஒத்தையில கெடக்காரு” என்பாள்.

ஆனால் அந்த இடம் கமிட்டி மனசு வைத்தால்தான் கிடைக்கும். மணியடிக்க, போதகர் வர, குழி வெட்ட, எல்லாவற்றுக்கும் கமிட்டியின் சம்மதம் வேண்டும். கமிட்டியோடு முறைத்துக்கொண்டவர்களுக்கு ஆற்று முகத்துவாரத்தில் பஞ்சாயத்து மணல்திட்டு இருக்கிறது. ஐப்பசி மழைக்கு அங்கே தண்ணீர் ஏறும். ஒரு வருஷம் ஒரு பெட்டி மேலே மிதந்து வந்து தென்னந்தோப்பில் தட்டி நின்றதைச் சத்தியநேசன் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். அதன் ஒரு பக்கத்துப் பலகை விட்டுப்போயிருந்தது. அன்றிலிருந்து கமிட்டிக்காரர்கள் எதிரே வந்தால் அவன் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பான்.

கமிட்டி என்றால் செயலர் ஞானசிங் என்று அர்த்தம். தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர்; பேசத் தொடங்கினால் நிறுத்துவதற்குப் பள்ளிக்கூட மணி இல்லாதது ஒன்றுதான் குறை. போதகர் புதுசு, இளவயசு. எது கேட்டாலும், “கமிட்டி என்ன சொல்லுதோ அதுதான்” என்பார். மாற்றல் பயம் அவருக்கு.

சாயாவும் மிக்சரும் ஏத்தங்காய் சிப்ஸும் வந்த பிறகு ஞானசிங் எழுந்தார். “பயப்படுறத நான் தப்புன்னு சொல்லல்ல. ரத்தினம் பயந்தாரு, நியாயந்தான். ஆனா சபைன்னு ஒண்ணு இருக்கும்போ ஆளுக்கு ஆள் தனித்தனியா பயப்படப்படாது. கமிட்டி கூடி, தீர்மானம் போட்டு, ஒழுங்குமுறையா பயப்படணும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். பேய் விளையாட்டைக் கடையிலிருந்து தூக்கச் சொல்வார்கள் என்று சத்தியநேசன் நினைத்தான். தூக்கிவிடுகிறேன், போஸ்டரையும் கிழித்துவிடுகிறேன் என்று அவனே சொல்லவும் செய்தான். ஞானசிங் கையைக் காட்டி அமர்த்தினார். கிழித்தால் வருகிறது நின்றுவிடுமா? இரண்டாம் பாகம் வருகிறது, எதிர்பாருங்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறான். எதை எதிர்பார்ப்பது என்று சபைக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய அஜாக்கிரதை? உடனே ‘இரண்டாம் பாக எதிர்பார்ப்பு ஆய்வுத் துணைக்குழு’ என்று ஒன்றை அமைத்தார்கள். அமைப்பாளர் ஞானசிங். உறுப்பினர்கள் ரத்தினம், மாதர் சங்கத் தலைவி ராகேல். இரண்டாம் பாகத்தை அறிய முதல் பாகத்தை ஆடிப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை மதியம் துணைக்குழு கடைக்கு வந்தது. பயல்களை வெளியே அனுப்பிவிட்டு ஜெபம் செய்து தொடங்கினார்கள். கம்ப்யூட்டருக்குள் இருட்டாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ராகேல் வீட்டிலிருந்து ஒரு டார்ச் கொண்டுவந்திருந்தார். ஞானசிங் மவுஸைப் பிடித்தார். திரையில் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெள்ள மெள்ள வந்தார்.  ஓடுங்கோ சார் என்று சத்தியநேசன் சொல்ல வாயெடுத்தான், வரவில்லை.

ஞானசிங் ஓடவில்லை. உள்ளே போவதா வேண்டாமா என்பதை யாராவது முன்மொழிய வேண்டும் என்றார். ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு முன்மொழிந்தார். வழிமொழிவதாகவும், ஆனால் சில ஐயப்பாடுகளோடு வழிமொழிவதாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் ராகேல் டார்ச்சைத் திரையில் அடித்தபடி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோட்டுக்காரர் வந்து கழுத்தில் கடித்துவிட்டார். திரை சிவந்தது. ஞானசிங் எழுந்து நின்று, நடவடிக்கை முடியும் முன் கடித்தது செல்லாது, ஆட்சேபத்தை எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். பதிவு செய்ய இடமில்லை என்று தெரிந்ததும் திரும்பவும் உட்கார்ந்தார். அன்று சாயங்காலத்துக்குள் சபைச் செயலர் எத்தனை தடவை செத்தார் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் முன்மொழிந்து, வழிமொழிந்து, முறைப்படிதான் செத்தார்.

மறுபடி மறுபடி தொடங்கிக் கொடுக்க வேண்டியிருந்ததால் சத்தியநேசனும் முதல்முறையாகத் திரையை நேராகப் பார்க்க நேர்ந்தது. அவன் பிணங்களைப் பார்க்கவில்லை. மதிலோரம், ஒரு பழைய கல்லறைக்குப் பக்கத்தில், வெட்டி வைத்த ஒரு வெற்றுக் குழி இருந்தது. அதில் யாரும் இல்லை.  கடையைப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடி, அம்மையின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்துகொண்டிருந்தது. “என்னடே, நான் இருக்கேன்” என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல்.

துணைக்குழுவுக்கு முதல் பாகம் போதவில்லை. இரண்டாம் பாகத்தில் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று கம்பெனியே தன் வெப்சைட்டில் போட்டிருக்கிறதாமே, அதைத் தமிழாக்கிச் சமர்ப்பிக்கணும் என்றார்கள். ஜாஸ்மி இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கடையில் உட்கார்ந்து வாசித்துச் சொல்ல, சத்தியநேசன் எழுதினான். எழுதும்போதே இதெல்லாம் எங்கே போய் முடியப்போகிறதோ என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்கோ, படிச்ச மனுசங்கதானே, சிரிச்சிட்டு விட்டுருவாங்க என்றாள் ஜாஸ்மி. அவள் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கமிட்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. சத்தியநேசன் வாசல் பக்கத்தில் நின்று வாசித்தான். முதல் பாகத்தில் செத்தவர்கள் மெதுவாக நடந்தார்கள், இரண்டாம் பாகத்தில் ஓடுவார்கள் என்று வாசித்ததும் ஒரு சலசலப்பு. கல்லறைத் தோட்டத்து மதிலை உயர்த்தி மேலே கண்ணாடிச் சில்லு பதிக்க உடனே தீர்மானமாயிற்று. சில்லு எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்று கொத்தனார் பிறகு வந்து கேட்டபோது, உள்பக்கமாக என்றார் ஞானசிங். கொத்தனார் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

சாதாரணக் கதவுகள் தாங்காது என்று இரண்டாவதாக வாசித்தான். கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று பூட்டுப் போட்டு, சாவி செயலரிடம் ஒன்று, பொருளரிடம் ஒன்று, போதகரிடம் ஒன்று இருக்கட்டும் என்றார்கள். மூன்று பேரும் ஒருமித்தால் ஒழிய யாரும் வெளியே வர முடியாது. சபையில் அந்த மூன்று பேரும் எதிலும் ஒருமித்ததில்லை என்பதால் இது எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது.

மூன்றாவதைச் சத்தியநேசன் குரலைத் தாழ்த்தி வாசித்தான். இரண்டாம் பாகத்தில் செத்தவர்களுக்கு ஞாபகம் உண்டு. உயிரோடு இருந்தபோது தங்களுக்குத் துரோகம் செய்தது யார் என்று நினைவு வைத்து, அந்த ஆளுடைய வீட்டை மட்டும் தேடிப் போவார்கள்.

மிக்சர் மெல்லுகிற சத்தம் நின்றது.  ரத்தினம் வேட்டியை இறுக்கிக் கட்டினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஞானசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பொதுவாச் சொல்லுகேன். எங்க அண்ணன் முன் வரிசையில கெடக்காரு. அவருக்குக் கிழக்கு விளையப் பத்தி ஏதாவது ஞாபகம் இருந்தா, அந்த நிலம் சட்டப்படி எனக்க பேருல பதிஞ்சது. அவரு கைநாட்டு வச்சப்ப சுயபுத்தி இருந்துது, கொஞ்சம் காய்ச்சல் இருந்துது, அவ்வளவுதான். இத சபை அவருக்கு எழுத்து மூலமா தெரிவிக்கணும்.”

அடுத்து ரத்தினம் யாரும் கேட்காமலே எழுந்தார். முதல் பெஞ்சாதி போய் நாற்பதாம் நாள் கழிவதற்குள் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார் என்று அவள் நினைக்கலாம், ஆனால் பெண் பார்த்துக் கொடுத்தது கமிட்டி, எனவே தேடிப் போவதாக இருந்தால் கமிட்டி ஆபீஸுக்குத்தான் போக வேண்டும் என்று விளக்கினார். மாமியாருக்குக் கஞ்சியில் உப்புப் போடாதது டாக்டர் சொல்லித்தான் என்றும், டாக்டர் கஞ்சியே கொடுக்க வேண்டாம் என்று சொல்லாவிட்டாலும் சில நாள் அப்படி ஆகிவிட்டது என்றும் ராகேல் சொன்னார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாவ அறிக்கை என்று ஒன்று உண்டு. அதில் பொதுவாக முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இப்படி ஆதாரத்தோடு அறிக்கையிட்டதை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை. சத்தியநேசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். போஸ்டரில் இருந்த எந்த முகமும் இவ்வளவு பயமாக இல்லை.

கடைசியில் ஞானசிங்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஏற்கெனவே அடக்கமானவர்கள் முதல் பாகத்தின் கீழ் வருகிறவர்கள். அவர்களுக்குப் பழைய சட்டம்: மெதுவாக வருவார்கள், ஞாபகமும் இருக்காது, பூட்டு தாங்கும். ஆபத்தெல்லாம் இனிமேல் போகிறவர்களால்தான். “அதனால ரெண்டாம் பாகம் வெளியாகி, அதில உள்ளது என்னன்னு கமிட்டிக்குத் திருப்தியா தெரியிற வர, புதுசா யாருக்கும் அடக்கம் கெடையாது.” முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டி நிறைவேற்றினார்கள். நிறைவேற்றும்போது எல்லாரும் சத்தியநேசனைத்தான் பார்த்தார்கள். ஊரில் அப்போது படுக்கையில் இருந்தது நேசபாய் ஒருத்தி.

அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. நேசபாய் சபைக் கோயிலில் பெருக்கித் துடைத்து, கமிட்டிக்குச் சாயா போட்டுக் கொடுத்து ஆயுசைக் கழித்தவள். ஒவ்வொரு கமிட்டியும் என்ன பேசியது, யார் யாரை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் சாயாக் கிளாஸோடு அவள் காதிலும் விழுந்திருக்கிறது. படுக்கையில் விழுந்தும் மூளை மட்டும் பளிச்சென்று இருந்தது. அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை என்பது எல்லாரையும்விடக் கமிட்டிக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சத்தியநேசன் அம்மையின் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதான். மறைக்கப் பார்த்தும் முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நேசபாய் கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்தக் கதை எப்பம் வருதாம்?” என்றாள். அக்டோபரில் என்று சொன்னான். “அப்ப அக்டோபர் கழிஞ்சு போறேன். நீ அழாத” என்றாள்.

அதன்பிறகு அவன் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? கடைக்குப் போவான், ஒரு ஆளுக்கு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடுவான், அம்மை மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பான், திரும்பவும் கடைக்கு ஓடுவான். போன் அடித்தால் ஈரக்குலை நடுங்கும். பயல்களின் திரையில் யாராவது கத்தினால் ஜாஸ்மி கத்துகிறாள் என்று எழுந்துவிடுவான். அம்மை உறங்கினால் பயம், இருமினால் பயம், இருமாவிட்டால் அதைவிடப் பயம். ஊரில் எல்லாரும் செத்தவர்கள் எழும்பிவிடுவார்களோ என்று கதவடைத்துக்கொண்டிருக்க, அவன் ஒருத்தன் மட்டும் உயிரோடு இருப்பவள் போய்விடுவாளோ என்று கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் வந்தது. கதை வரவில்லை. ரசிகர்களுக்கு இன்னும் செம்மையான பயத்தை வழங்கும் பொருட்டு வெளியீடு மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று கம்பெனி அறிவித்தது. ஜாஸ்மி வாசித்துச் சொல்ல, சத்தியநேசன் தலையில் கையை வைத்தான். “சரி, மார்ச்சு” என்றாள் நேசபாய். அவள் கன்னம் ஒட்டி, கை குச்சியாகிவிட்டிருந்தது. கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தால் கடமை மாதிரி விழுங்கினாள்.

மார்ச்சிலும் வரவில்லை. இந்த முறை தேதியே இல்லை; தயாரானதும் வெளியாகும் என்று மட்டும் போட்டிருந்தார்கள். அன்று சத்தியநேசன் ஒரு காரியம் செய்தான், பயந்தவன் செய்கிற காரியமில்லை. கம்பெனிக்கே மெயில் எழுதச் சொன்னான். ஐயா, என் தாயார் உங்கள் இரண்டாம் பாகத்துக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார், தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள் என்று அவன் சொல்லச் சொல்ல, ஜாஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டே டைப் செய்தாள்.

பதில் உடனே வந்தது. உங்கள் தாயாரைப் போன்ற தீவிர ரசிகர்கள்தான் எங்கள் பலம். அவருடைய காத்திருப்பு வீண்போகாது என்று உறுதி கூறுகிறோம். இப்போதே முன்பதிவு செய்தால் எலும்புக்கூடு படம் போட்ட கறுப்புத் தொப்பி அவருக்கு இலவசம். ஜாஸ்மி அதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு கம்ப்யூட்டரை அணைத்தாள். உலகத்தில் எல்லா இடத்திலும் ஒரு ஞானசிங் இருக்கிறார் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தின ஓசன்னா ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில் நேசபாய் கண்ணைத் திறந்து, “அந்தக் கதை வந்துட்டா மக்கா?” என்று கேட்டாள்.  “வந்துட்டும்மா” என்று சத்தியநேசன் சொல்லிவிட்டான். பிறந்ததிலிருந்து அவளிடம் அவன் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். “அப்ப சரி” என்றாள். ஜாஸ்மி கஞ்சியோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மணி அடிக்கவில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்து கோயில் மணி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. கமிட்டியை அவசரமாகக் கூட்டினார்கள். ஞானசிங் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்து, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, உட்காரச் சொன்னார். பிறகு தீர்மானம் தீர்மானம்தான் என்றார். அதற்காகச் சபை கல்நெஞ்சு உள்ளதல்ல. நாகர்கோவிலிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரன் ஒரு தேதி சொன்னதும் முறைப்படி அடக்கம் செய்யலாம். அது முடியாவிட்டால் பஞ்சாயத்துத் திட்டு இருக்கிறது. மழை தொடங்க இன்னும் நாள் கிடக்கிறது. போதகர் தன் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தியநேசன் வாசலில் நின்றான்.  தென்னந்தோப்பில் தட்டி நின்ற அந்தப் பெட்டியின் விட்டுப்போன பலகை கண்முன்னால் வந்தது. இந்த முறை அதற்குள் கிடந்தது அம்மை. கமிட்டிக்குப் பயப்படுவதா, அந்தப் பலகைக்குப் பயப்படுவதா? ஒரு மனுஷனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயப்பட முடியாது என்று அவனுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

“சார், ஒரு விஷயம் விட்டுப்போச்சு. நேத்து கம்பெனி புதுசா ஒண்ணு போட்டிருக்கான்” என்றான். குரல் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி வந்தது.

என்ன என்று கேட்டார் ஞானசிங்.

“ரெண்டாம் பாகத்தில அடக்கமாகிக் கெடக்கிறவங்க எழும்பல்ல சார். அவங்க நிம்மதியா உறங்குவாங்க. அடக்கம் கெடைக்காதவங்கதான் நடக்கிறாங்க. ஞாபகம் அவங்களுக்குத்தான். அடக்க விடாம தடுத்தது யாருன்னு தேடிப் போவாங்க. பூட்டு, மதில் ஒண்ணும் பலிக்காது. ஏன்னா அவங்க உள்ள இல்லியே சார், வெளியிலல்லா இருக்காங்க.”

 ரத்தினம் கையிலிருந்த சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். ஞானசிங் மெதுவாகத் திரும்பி, சத்தியநேசன் பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு நின்ற ஜாஸ்மியைப் பார்த்தார். “உள்ளதா டீச்சர்? அப்பிடி போட்டிருக்கானா?”

ஜாஸ்மி புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் யார் முன்னாலும் நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை.

“போட்டிருக்கான் சார். முதல் வரியிலேயே போட்டிருக்கான்.”

அதற்கு முன்மொழியவும் வழிமொழியவும் யாரும் காத்திருக்கவில்லை. மூன்று சாவியும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. ரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணிக்கயிற்றை நோக்கி ஓடினார். பிரஷர் உள்ளவர் இப்படி ஓடக் கூடாது. மணி அடித்தது. முன் வரிசையில், பெரிய வீட்டுக்காரர்கள் கிடக்கிற இடத்திலேயே ஒரு இடம் தரலாம் என்று ஞானசிங் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். வேண்டாம் சார், மதிலோரம் அப்பனுக்க பக்கத்தில போரும் என்றான் சத்தியநேசன். அன்று சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் நேசபாய், புருஷனுக்குப் பக்கத்தில், கொல்லாமரத்து நிழலில் இறங்கினாள். மூன்று பிடி மண் போடுவது வழக்கம். ஞானசிங் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தார், போதகர்தான் கையைப் பிடித்தார்.

அத்தோடு விடவில்லை. சபைச் செலவிலேயே அந்தக் கல்லறையின் மேல் ஒரு கான்கிரீட் பலகை போட்டார்கள். அவ்வளவு கனத்தில் அந்தத் தோட்டத்தில் வேறு எவருக்கும் இல்லை. எதற்கு இவ்வளவு கம்பி என்று கொத்தனார் கேட்டதற்கு, மரியாதைக்கு என்றார் ஞானசிங். ஆண்டவருடைய கல்லறையிலிருந்து கல் புரட்டப்பட்ட கதையை ஈஸ்டர்தோறும் கோயிலில் வாசிப்பவரும் அவர்தான்.

இரண்டாம் பாகம் அடுத்த வருஷம் வெளியானது. முழுக்க முழுக்க ஒரு கப்பலுக்குள் நடக்கிற கதை. கல்லறையே இல்லை. அதைக் கமிட்டியில் யாரும் கேட்கவுமில்லை, சத்தியநேசன் சொல்லவுமில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது அந்த ஈஸ்டர் ஞாயிற்றைப் பற்றி. நேசபாயை அடக்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கோயில் நிறைய ஜனம். வழக்கம்போல எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளைப் பிராயத்திலிருந்து சொல்லிச் சொல்லி நாக்கில் தேய்ந்துபோன வாசகம். யோசிக்காமலே வாய் சொல்லிவிடும். மரித்தவர்கள் சரீரத்தோடு உயிர்த்தெழுவதை நம்புகிறோம் என்கிற இடம் வந்தது.

முன் வரிசையில் ஞானசிங்குக்கு இருமல் வந்தது. ரத்தினம் கீழே விழாத கைக்குட்டையைக் குனிந்து தேடினார். பெண்கள் பக்கத்தில் ராகேல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். போதகரே அந்த வரியில் ஒரு கணம் தடுமாறினார். அப்படியே அலை மாதிரி கோயில் முழுக்கச் சத்தம் அடங்கிப்போயிற்று.

பின் வரிசையில் சத்தியநேசனுக்கும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை பேர் வாயை மூடி நிற்கும்போது ஒருத்தன் மட்டும் பேசுவது என்றால் சும்மாவா?  ஜன்னல் வழியாக மதிலும், மதில் மேல் உள்பக்கமாகச் சாய்ந்திருந்த கண்ணாடிச் சில்லும், அதற்கு அப்பால் கொல்லாமரமும் தெரிந்தன. அவன் அந்த வரியை ஒரு சொல் விடாமல், கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். கமிட்டி மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது.